‘எந்த வகை?’ என்று கேட்பதற்கு முன்: பச்சிளம் குழந்தையின் பித்தத் தேக்கம் பற்றி ஒரு தாய்க்குப் பதில்

வாசகியின் கடிதம்

தம் பெயரும் ஊரும் வெளிவர வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் ஒரு தாய் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சாரம் இது. அவருடைய முதல் குழந்தை, பெண், நிறைமாதத்தில் 3.1 கிலோ எடையுடன் பிறந்தாள். மூன்றாம் நாள் தொடங்கிய மஞ்சள் நிறம் முதல் வாரத்தில் சற்றுக் குறைந்ததுபோல் தோன்றி, அதன்பின் மறையவே இல்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைகளுக்கு இப்படி நீடிப்பது உண்டு என்று சொல்லப்பட்டதாலும், குழந்தை நன்றாகப் பால் குடித்து எடை கூடிவந்ததாலும், வீட்டார் காலை வெயிலில் காட்டியபடி காத்திருந்தார்கள். 38ஆம் நாள் வேறு காரணத்துக்காக மருத்துவரிடம் போனபோது, அங்கிருந்த செவிலியர் குழந்தையின் துணியில் இருந்த மலம் களிமண்போல் வெளிறியிருப்பதைக் கவனித்து, ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறார்.

அறிக்கைகளின்படி மொத்த பிலிரூபின் 9.2 மி.கி.; அதில் நேரடி பிலிரூபின் 5.8 மி.கி. பித்த ஓட்டம் தடைபடும்போது ரத்தத்தில் உயரும் ஜிஜிடி நொதி 640. வயிற்று அல்ட்ராசவுண்டில் பித்தப்பை சிறுத்துத் தெரிகிறது. ‘பித்த நாளங்கள் விரிவடையவில்லை’ என்று எழுதப்பட்டிருக்கிறது. சைட்டோமெகலோ வைரசுக்கான ஐஜிஎம் (அண்மைத் தொற்றைக் காட்டும் எதிர்ப்பொருள்) பரிசோதனை பாசிட்டிவ். பிறந்தவுடன் குதிகாலில் ரத்தம் எடுத்துச் செய்த பரிசோதனையில் தைராய்டு, கேலக்டோசீமியா இரண்டும் இயல்பு. இவற்றைப் பார்த்த ஒரு மருத்துவர், ‘வைரசால் வந்த கல்லீரல் அழற்சிதான், மருந்து கொடுத்து நான்கு வாரம் பார்ப்போம்’ என்கிறார். இன்னொருவரோ இந்த வாரமே கல்லீரல் பயாப்ஸி (ஒரு சிறு துணுக்கை எடுத்து ஆராய்வது) செய்து, தேவைப்பட்டால் உடனே அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டும் என்கிறார். கடிதம் எழுதிய நாளில் குழந்தைக்கு வயது 41 நாள்; எடை 4 கிலோ.

தம் பாலே காரணமோ என்று அஞ்சி, தாய் இரண்டு நாட்களாகத் தாய்ப்பாலை நிறுத்தியிருக்கிறார். இணையத்தில் தேடிச் சேர்த்த பன்னிரண்டு நோய்ப் பெயர்களை அனுப்பி, ‘இவற்றில் எது என் மகளுக்கு? பயாப்ஸி இல்லாமல், ஸ்கேனும் மரபணுச் சோதனையும் செய்து கண்டுபிடிக்க முடியாதா? இது பரம்பரை நோயா? நான்கு வாரம் பொறுத்துப் பார்த்தால் என்ன?’ என்று கேட்கிறார்.

மருத்துவரின் பதில்

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே மின்னஞ்சலில் மூன்று வரிகள் அனுப்பினேன்: நான்கு வாரம் காத்திருக்க வேண்டாம், குழந்தைகளின் கல்லீரல் நோய்களைப் பார்க்கும் மையத்துக்கு நாளையே போங்கள், தாய்ப்பாலை மீண்டும் கொடுங்கள். அந்த மூன்று வரிகளுக்கும் உரிய காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன். குழந்தையை நேரில் பார்க்காத மருத்துவர் நோயின் பெயரைச் சொல்வது முறையாகாது. நான் சொல்லப்போவதும் அதுவன்று. இரண்டு மருத்துவர்கள் இருவேறு திசை காட்டும்போது எதை வைத்து முடிவெடுப்பது என்பதுதான் நான் எழுதக்கூடியது.

எந்த வகை என்று நீங்கள் கேட்பது நியாயமே. ஆனால் பித்தத் தேக்கம் உள்ள ஒரு பச்சிளம் குழந்தையைப் பார்க்கும்போது, சாத்தியமான பெயர்களில் எது அதிகம் காணப்படுவது என்று நாங்கள் தொடங்குவதில்லை. எந்த நோய்க்குச் சிகிச்சையின் காலம் முதலில் முடிந்துபோகும் என்று பார்த்து, அதை முதலில் விலக்குகிறோம். உங்கள் பன்னிரண்டு பெயர்களில் எட்டு, ஒன்பது பெயர்கள் அடுத்த மாதம் வரை காத்திருந்தாலும் பெரிய கெடுதல் இல்லாதவை. மற்றவை அப்படிக் காத்திருக்காதவை. இரண்டு மருத்துவர்களுக்கும் இடையிலான வேறுபாடும், என் பார்வையில், இந்த வரிசையைப் பற்றியதுதான்.

மஞ்சளில் இரண்டு விதம்

பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிரூபின் நீரில் கரையாதது. கல்லீரல் அதை நீரில் கரையும்படி மாற்றிப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்புகிறது. கல்லீரலுக்குள் நுழைவதற்கு முந்தைய பிலிரூபினை மறைமுகமானது என்றும், கல்லீரல் மாற்றிய பிலிரூபினை நேரடியானது என்றும் ஆய்வுக்கூடங்கள் குறிக்கின்றன. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளிடம் வாரக்கணக்கில் நீடிக்கும் தீங்கற்ற மஞ்சள் முழுக்க முழுக்க முதல் விதம். அதில் சிறுநீர் நிறமற்றிருக்கும், மலம் நல்ல மஞ்சளாக இருக்கும். நேரடி பிலிரூபின் ரத்தத்தில் ஏறியிருந்தால், கல்லீரல் தன் வேலையைச் செய்துவிட்டது, ஆனால் செய்த சரக்கு வெளியே போகவில்லை என்று பொருள். அதுதான் பித்தத் தேக்கம். நேரடி பிலிரூபின் 1 மி.கி.யைத் தாண்டினாலே அது ஆராயப்பட வேண்டியது. உங்கள் மகளுக்கு 5.8. சுமார் 2,500 குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி நேர்கிறது.

ஆகவே உங்கள் பால் இதற்குக் காரணமில்லை. வெயிலும் நீல விளக்கும் மறைமுக பிலிரூபினை மட்டுமே குறைக்கும் என்பதால், எவ்வளவு நாள் வெயிலில் காட்டியிருந்தாலும் இது மாறியிருக்காது. இரண்டு வாரத்துக்கு மேல் மஞ்சள் நீடிக்கும் எந்தக் குழந்தைக்கும் நேரடி பிலிரூபினைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டுதல். தாய்ப்பால் குடித்து, மலமும் சிறுநீரும் இயல்பாக இருக்கும் குழந்தைக்கு மட்டும் மூன்றாம் வாரம் வரை பொறுக்கலாம். 38ஆம் நாள்வரை உங்களுக்கு அந்தப் பரிசோதனையை யாரும் செய்யச் சொல்லவில்லை. அதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்வதில் பொருளில்லை. துணியைக் கவனித்த அந்தச் செவிலியருக்கு நீங்கள் கடமைப்பட்டிருக்கிறீர்கள்.

பித்தம் குடலை அடைகிறதா?

முதலில் விடை காண வேண்டிய கேள்வி இது ஒன்றே. பித்தத் தேக்கத்தோடு வரும் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குக் காரணமாக இருப்பது பிலியரி அட்ரீசியா எனப்படும் பித்த நாள அடைப்பு. கல்லீரலுக்கு வெளியே உள்ள பித்த நாளங்கள் அழற்சியுற்று, தழும்பேறி, நாளடைவில் வெறும் நார்க்கயிறாக மாறிவிடுகின்றன. பித்தம் கல்லீரலுக்குள்ளேயே தேங்கி அதை இறுகச் செய்கிறது. தலையிடாமல் விட்டால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைக் கடப்பதில்லை. இதற்கு மருந்து கிடையாது. ஜப்பானிய அறுவை மருத்துவர் மோரியோ கசாய் 1950களில் வகுத்த அறுவை சிகிச்சை ஒன்றே முதல் வழி: தழும்பான நாளங்களை அகற்றி, கல்லீரலின் வாயிலில் சிறுகுடலின் ஒரு வளைவை நேரடியாகத் தைத்துவிடுவார்கள், அங்கே மிஞ்சியிருக்கும் நுண்ணிய நாளங்கள் வழியாகப் பித்தம் குடலுக்குள் கசியும்.

அந்த நுண்ணிய நாளங்கள் நாளாக நாளாக மூடிக்கொண்டே போகின்றன. அறுவை எவ்வளவு முன்கூட்டி நடக்கிறதோ அந்த அளவுக்குப் பித்தம் ஓடுவதற்கான வாய்ப்பும், குழந்தை தன் சொந்தக் கல்லீரலோடு வளர்வதற்கான வாய்ப்பும் கூடுகின்றன. ‘60 நாள்’ என்ற எண்ணை நீங்கள் இணையத்தில் படித்திருப்பீர்கள். அது ஒரு கதவு அடைபடும் நாள் என்று எண்ண வேண்டாம். 61ஆம் நாளில் செய்தாலும் பலன் இருக்கலாம். 30ஆம் நாளில் செய்தது 55ஆம் நாளில் செய்ததைவிட நல்லது. ஆனால் இன்று 41ஆம் நாளில் இருக்கும் குழந்தைக்கு ‘நான்கு வாரம் பார்ப்போம்’ என்றால், அந்தக் கேள்வியை 69ஆம் நாளில் முதன்முதலாகக் கேட்கிறோம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பயாப்ஸி, அதன் முடிவு, அறுவைக்கான நாள் என்று மேலும் நாட்கள் ஓடும். கல்லீரல் அழற்சி என்ற கணிப்பு சரியாக இருந்தால் நாம் இழப்பது ஏதுமில்லை. தவறாக இருந்தால் திரும்பப் பெற முடியாத ஒன்றை இழக்கிறோம். இரண்டு தவறுகளும் ஒரே எடையுள்ளவை அல்ல.

உங்கள் அறிக்கைகளைப் படிக்கும் விதம்

மலத்தின் நிறமே எல்லாவற்றிலும் முக்கியமான தகவல். பித்த நாள அடைப்புள்ள குழந்தையின் மலம் முதல் நாட்களில் ஓரளவு நிறத்தோடு இருந்து, நாளங்கள் மூட மூட வெளிறுவது வழக்கம். உங்கள் மகளுக்கும் முதலிரண்டு வாரங்களில் இளமஞ்சளாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். தொடர்ந்து வெளிறியிருக்கும் மலமும், சில நாள் வெளிறிச் சில நாள் நிறத்தோடு வரும் மலமும் ஒன்றல்ல. பின்னது அழற்சியின் பக்கம் சாய்வது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மஞ்சளேறிய குடல் செல்கள் உதிர்ந்து மலத்தின் மேற்புறத்துக்கு மட்டும் ஒரு மங்கிய மஞ்சள் பூச்சைத் தரக்கூடும். பிளந்து பார்த்தால் உள்ளே சாம்பல் வெள்ளையாக இருக்கும். எங்கள் மாணவர்களிடம் நான் அலுக்காமல் சொல்வது, பெற்றோர் ‘மஞ்சள்தான் டாக்டர்’ என்று சொன்னாலும் துணியை வாங்கிக் கண்ணால் பாருங்கள் என்பது. தைவான் 2004 முதல் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் பெற்றோருக்கும் மலத்தின் நிறங்களை அச்சிட்ட அட்டையைத் தருகிறது. அதன்பின் அங்கே உரிய காலத்தில் அறுவை நடப்பது கூடியிருக்கிறது. நீங்கள் அடுத்த சில நாட்கள் ஒவ்வொரு முறையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். எந்த ஆய்வுக்கூட அறிக்கைக்கும் குறையாத மதிப்பு அந்தப் படங்களுக்கு உண்டு.

‘பித்த நாளங்கள் விரிவடையவில்லை, ஆகவே அடைப்பு இல்லை’ என்று நீங்கள் புரிந்துகொண்டிருப்பது இயல்பான பிழை. பெரியவர்களுக்குக் கல் அடைத்துக்கொண்டால், அடைப்புக்கு மேலே உள்ள நாளம் பித்தம் நிறைந்து வீங்கும். அல்ட்ராசவுண்டில் எளிதாகத் தெரியும். இங்கே நாளமே தழும்பாகிவிடுவதால் வீங்குவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. எனவே விரிவடையாத நாளம் பித்த நாள அடைப்பை விலக்குவதே இல்லை. அந்த ஸ்கேன் விலக்கியிருப்பது வேறொன்றை: நாளத்தில் நீர்க்கட்டி போன்ற வீக்கம், கல் ஆகியவற்றை. பித்தப்பை கண்ணுக்குத் தெரிவதும் ஆறுதல் தரும் செய்தியாகாது. அது சிறுத்து, ஒழுங்கற்ற வடிவில் இருந்தால் சந்தேகம் கூடவே செய்கிறது. குழந்தை நான்கு மணி நேரம் பால் குடிக்காமல் இருந்தபின் ஸ்கேன் எடுத்தார்களா என்று கேளுங்கள். பால் குடித்தவுடன் எடுத்திருந்தால் இயல்பான பித்தப்பைகூடச் சுருங்கித்தான் தெரியும்.

குழந்தை சுறுசுறுப்பாக இருப்பதும் எடை கூடுவதும் என்னைச் சமாதானப்படுத்தவில்லை என்று சொல்வதற்கு மன்னியுங்கள். இந்த நோயுள்ள குழந்தைகள் முதல் இரண்டு மாதங்களில் மிக ஆரோக்கியமாகவே தோன்றுவார்கள். நோய் தாமதமாகக் கண்டறியப்படுவதற்கு அதுவே முதல் காரணம். நிறைமாதத்தில் நல்ல எடையோடு பிறந்த பெண் குழந்தை என்பதும் சற்று இந்தப் பக்கமே சாய்கிறது. காரணம் தெரியாத கல்லீரல் அழற்சி குறைமாதத்திலும் எடை குறைந்தும் பிறந்த குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவது. ஜிஜிடி 640 என்பதும் அடைப்போடு பொருந்துகிறது, ஆனால் அதை மட்டும் வைத்து எதையும் உறுதி செய்ய முடியாது.

இனி, அந்த வைரஸ். சைட்டோமெகலோ வைரஸ் கல்லீரல் அழற்சியை உண்டாக்கும் என்பது உண்மை. ஐஜிஎம் பரிசோதனை தவறாகப் பாசிட்டிவ் ஆவதும் உண்டு. உண்மையான தொற்றாகவே இருந்தாலும், கருவிலேயே வந்ததா, பிறந்தபின் வந்ததா என்பதை முதல் மூன்று வாரங்களுக்குள் எடுத்த சிறுநீரோ உமிழ்நீரோதான் பிரித்துக் காட்டும். அந்தக் காலம் தாண்டிவிட்டது. பிறந்தபோது குதிகாலில் எடுத்த ரத்தப் புள்ளி அட்டை இன்னும் பத்திரமாக இருந்தால் அதில் தேடிப் பார்க்க வழியுண்டு. எல்லாவற்றையும்விட முக்கியமானது, வைரஸ் தொற்றும் பித்த நாள அடைப்பும் ஒரே குழந்தையிடம் சேர்ந்தே இருக்கலாம், இருக்கவும் செய்கின்றன. ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதால் மற்றொன்று இல்லை என்று ஆகாது. முதல் மருத்துவரின் தர்க்கத்தில் நான் ஏற்காத இடம் இதுதான். அவர் சொன்ன மருந்து தேவைப்பட்டால் கொடுக்கட்டும். அது பயாப்ஸியை ஒத்திப்போடக் காரணமாகக் கூடாது.

அதே வாரத்தில் விலக்க வேண்டிய மற்றவை

பித்த நாள அடைப்பைப் போலவே காத்திருக்காத, ஆனால் மருந்தாலோ உணவாலோ சரிசெய்யக்கூடிய சில நோய்கள் உண்டு. ரத்தத்திலோ சிறுநீரிலோ கிருமித் தொற்று இருந்தால் அதுவே பித்தத்தைத் தேக்கும். சிறுநீர்ப் பரிசோதனை எளிது. கேலக்டோசீமியாவில் பாலிலுள்ள சர்க்கரையே கல்லீரலுக்கு நஞ்சாகிறது. உங்கள் மகளுக்கு அது பிறந்தபோதே பார்க்கப்பட்டு இயல்பு என்று வந்திருப்பதால்தான் தாய்ப்பாலை மீண்டும் கொடுக்கலாம் என்று துணிந்து எழுதினேன். டைரோசின் என்ற அமினோ அமிலத்தை உடலால் சரிவரச் சிதைக்க முடியாத டைரோசினீமியாவில் மஞ்சளைவிட ரத்தம் உறையாமை மேலோங்கி நிற்கும்; அதற்கு நைட்டிசினோன் என்ற நல்ல மருந்து இருக்கிறது.

தைராய்டு இயல்பு என்ற அறிக்கையில் ஒரு சிறு ஓட்டை உண்டு. பல இடங்களில் அந்தப் பரிசோதனை, தைராய்டைத் தூண்ட பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் டிஎஸ்எச் ஹார்மோனின் அளவை மட்டும் பார்க்கிறது. பிட்யூட்டரி சுரப்பியே பழுதாக இருந்தால் டிஎஸ்எச் ஏறாது, பரிசோதனை இயல்பு என்றே காட்டும். அந்தக் குழந்தைகளுக்கும் பித்தத் தேக்கம் வரும், ரத்தச் சர்க்கரை தாழும். எனவே தைராக்சின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள், சர்க்கரை ஆகிய மூன்றையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஒரு துளி ரத்தத்தில் முடியும் வேலை.

உங்கள் பட்டியலில் எஞ்சிய பெயர்கள்

சிலவற்றை உங்கள் ஜிஜிடி எண்ணே பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. பரம்பரையாகப் பித்தம் தேங்கும் பிஎஃப்ஐசி வகைகளில் முதல் இரண்டிலும், பித்த அமிலம் உருவாவதிலேயே குறை உள்ள நோய்களிலும் ஜிஜிடி இயல்பாகவோ தாழ்ந்தோ இருக்கும். மஞ்சள் ஏறி, ஜிஜிடி ஏறாமல் இருக்கும் குழந்தையைப் பார்த்தால் நாங்கள் அந்தத் திசையில் ஓடுவோம். உங்கள் மகளுக்கு அப்படியில்லை. மூன்றாம் வகை பிஎஃப்ஐசியில் ஜிஜிடி உயரும் என்றாலும், அது பெரும்பாலும் இன்னும் வளர்ந்த பிறகே வெளிப்படும்.

ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் என்ற புரதத்தின் குறைபாடு வெளிறிய மலத்தையும் உயர்ந்த ஜிஜிடியையும் தந்து அடைப்பைப் போலவே நடிக்கக்கூடியது. ரத்தத்தில் அதன் அளவையும் வகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அளவு மட்டும் ஏமாற்றலாம், ஏனென்றால் அழற்சி இருக்கும்போது அது தானாகவே உயரும். சிட்ரின் என்ற இன்னொரு புரதத்தின் குறைபாடு கிழக்காசிய மக்களிடம் அதிகம். அமினோ அமிலப் பரிசோதனையில் அறியலாம், உணவு மாற்றத்துக்கு நன்றாகக் கட்டுப்படும்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது அலஜில் நோய்க்குறி. கல்லீரலுக்குள் இருக்கும் சிறு பித்த நாளங்களின் எண்ணிக்கை குறைந்துபோகும் இந்நோயில் மலம் வெளிறும், ஜிஜிடி மிக உயரும், பித்தப்பை சிறுத்திருக்கும், பித்தம் குடலை அடையாததுபோல் ஸ்கேனும் காட்டும். ஆனால் இதற்குக் கசாய் அறுவை உதவாது. செய்யப்பட்டவர்களுக்குப் பின்விளைவு மோசமாவதையே பார்த்திருக்கிறோம். அகன்ற நெற்றி, கூர்த்த முகவாய் என்று நூல்கள் சொல்லும் முக அமைப்பை இந்த வயதில் நம்ப முடியாது. எல்லாக் குழந்தைகளின் முகமும் சிறிது அப்படித்தான். இதய ஒலியில் முணுமுணுப்பு, முதுகெலும்பு எக்ஸ்ரேயில் பட்டாம்பூச்சி வடிவ எலும்பு, கண்ணின் கருவிழி ஓரத்தில் ஒரு வெண்கோடு ஆகிய மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். அறுவை அரங்குக்குப் போவதற்கு முன் இந்த மூன்றும் பார்க்கப்பட்டனவா என்று கட்டாயம் கேளுங்கள்.

பயாப்ஸியைத் தவிர்க்க முடியுமா?

உங்கள் அச்சம் புரிகிறது. ஆனால் மாற்றாக நீங்கள் குறிப்பிட்ட இரண்டும் அந்த இடத்தை நிரப்பாதவை. ஹைடா ஸ்கேனில் ரத்த நாளம் வழியே செலுத்தும் கதிரியக்க மருந்து கல்லீரல் வழியாகக் குடலுக்கு வந்து சேர்கிறதா என்று 24 மணி நேரம் வரை பார்ப்பார்கள். குடலில் தெரிந்தால் பித்த நாள அடைப்பு ஏறக்குறைய இல்லை என்றே சொல்லிவிடலாம். தெரியாவிட்டால் அது எதையும் நிரூபிப்பதில்லை. கடுமையான அழற்சியிலும் அலஜிலிலும் தெரியாமல் போகும். அதற்கு முன் பித்த ஓட்டத்தைத் தூண்ட ஐந்து நாள் பினோபார்பிட்டோன் என்ற மருந்தைக் கொடுப்பது பழைய வழக்கம். அந்த ஐந்து நாள் தாமதம் உங்கள் மகளுக்குத் தகுதியானதில்லை என்று கருதுகிறேன். மரபணுச் சோதனை மிகப் பயனுள்ளதுதான். ஆனால் முடிவு வரப் பெரும்பாலும் வாரங்கள் ஆகும், பித்த நாள அடைப்புக்கோ இன்னது என்று சொல்லத்தக்க ஒற்றை மரபணு கிடையாது. ரத்தத்தை இப்போதே அனுப்பிவிடுங்கள், முடிவுக்காக நிற்காதீர்கள். எம்எம்பி-7 என்ற ரத்தப் பரிசோதனை சில மையங்களில் இப்போது செய்யப்படுகிறது. அடைப்பைப் பிரித்தறிவதில் நல்ல நம்பிக்கை தருகிறது. உங்கள் மையத்தில் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம்.

பயாப்ஸியில் மெல்லிய ஊசியால் கல்லீரலின் ஒரு நூலிழைத் துணுக்கு எடுக்கப்படுகிறது. சிறு பித்த நாளங்கள் பெருகியும் அவற்றுக்குள் பித்தக் கட்டிகள் அடைத்தும் இருந்தால் அடைப்பின் பக்கம். பெரிய பல்கரு செல்கள் நிறைந்து நாளங்கள் இயல்பாக இருந்தால் அழற்சியின் பக்கம். நாளங்களே குறைந்திருந்தால் அலஜிலின் பக்கம். அனுபவமுள்ள நோயியல் மருத்துவர் பத்தில் ஒன்பது முறை சரியாகச் சொல்வார். ஆறு வாரத்துக்கு முன் எடுத்தால் மாற்றங்கள் முழுமையாகத் தெரியாமல் போகலாம் என்பதால், ‘தெளிவில்லை’ என்று முடிவு வந்தால் அதை ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ரத்தக்கசிவு இதன் முக்கிய ஆபத்து. அரிதானது, ஆனால் நேர்ந்தால் கடுமையானது. அதனால் ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்காமல் யாரும் ஊசி போட மாட்டார்கள்.

இறுதித் தீர்ப்பு அறுவை அரங்கில்தான் கிடைக்கிறது. பித்தப்பைக்குள் சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். சாயம் மேலே கல்லீரலுக்கும் கீழே குடலுக்கும் ஓடினால் பாதை திறந்திருக்கிறது, வயிற்றை மூடிவிடுவார்கள். ஓடாவிட்டால் அதே மயக்கத்திலேயே கசாய் அறுவையைத் தொடர்வார்கள். ‘திறந்து பார்த்து அடைப்பே இல்லை என்று ஆகிவிட்டால், வீணாக வயிற்றைக் கிழித்ததாகாதா?’ என்ற உங்கள் கேள்விக்கு நேர்மையான விடை, சில குழந்தைகளுக்கு அப்படி ஆவது உண்டு என்பதே. அவர்களுக்கு மிஞ்சுவது ஒரு சிறு தழும்பும் சில நாள் வலியும்.

நீங்கள் கேட்டுப் பெற வேண்டியவை

எல்லா அறிக்கைகளின் நகலையும், பயாப்ஸி கண்ணாடித் தகடுகளையும் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை; வேறொரு நோயியல் மருத்துவர் அவற்றைப் பார்க்க விரும்பக்கூடும். இரண்டாவது கருத்தைக் கேட்டதற்காக எந்த மருத்துவரிடமும் நீங்கள் சங்கடப்பட வேண்டியதில்லை. அறுவை மருத்துவரிடம், ஆண்டுக்கு எத்தனை குழந்தைகளுக்கு இந்த அறுவையைச் செய்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். இங்கிலாந்தும் வேல்சும் 1999 முதல் இதை மூன்றே மையங்களில் மட்டும் செய்வது என்று முடிவெடுத்ததற்குக் காரணம், அதிகம் செய்யும் கைகளில் பலன் நன்றாக இருப்பதே.

கசாய் அறுவையிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்கு மஞ்சள் தெளிகிறது. தெளிந்த பிறகும் காய்ச்சலோடு பித்த நாளத் தொற்று திரும்பத் திரும்ப வரக்கூடும். கல்லீரல் மெல்ல இறுகுவது பலருக்குத் தொடர்கிறது. தெளியாதவர்களுக்கும், பிற்காலத்தில் கல்லீரல் தளர்ந்தவர்களுக்கும் கல்லீரல் மாற்று இருக்கிறது. குழந்தைகளுக்குச் செய்யப்படும் கல்லீரல் மாற்றுகளில் மிகப் பெரும் பங்கு இந்த ஒரு நோய்க்காகவே. 1963இல் தாமஸ் ஸ்டார்ஸல் முதன்முதலாக மனிதருக்குக் கல்லீரல் மாற்ற முயன்றதும் இதே நோயுள்ள மூன்று வயதுக் குழந்தைக்குத்தான். அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. இன்று தாயோ தந்தையோ தம் கல்லீரலின் இடப்பக்கத் துண்டு ஒன்றைக் கொடுக்க, பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துப் பள்ளிக்குப் போகிறார்கள்.

பரம்பரையா என்ற கேள்விக்கு: பித்த நாள அடைப்பு என்றால், பொதுவாக இல்லை. இரட்டையரில்கூட ஒருவருக்கு மட்டும் வருவதே வழக்கம். அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆல்ஃபா-1 குறைபாடு, பிஎஃப்ஐசி போன்றவை என்றால், பெற்றோர் இருவரும் தம்மை அறியாமல் சுமந்தவர்களாக இருப்பீர்கள். ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. அலஜில் பெற்றோர் ஒருவரிடமிருந்தும் வரலாம், குழந்தையிடமே புதிதாகவும் தோன்றலாம். நீங்கள் கருவுற்றிருந்தபோது செய்த எதுவும், செய்யாத எதுவும் இவற்றில் எதற்கும் காரணமாகச் சொல்லப்படவில்லை.

வீட்டில் இப்போது: தாய்ப்பாலைத் தொடருங்கள். பித்தம் குடலை அடையாதபோது கொழுப்பும், அதில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் உடலில் சேர்வதில்லை. ஆகவே இந்த நான்கு வைட்டமின்களையும், தேவைப்பட்டால் பித்தமின்றியே செரிக்கும் எம்சிடி கொழுப்புள்ள பால்மாவையும் மருத்துவர் சேர்ப்பார். பித்த ஓட்டத்தைக் கூட்டும் அர்சோடியாக்சிகோலிக் அமில மருந்தைச் சிலர் எழுதுவார்கள். அது அடைப்பைத் திறக்காது, அதைக் கொடுத்துப் பார்ப்பது பரிசோதனைகளுக்கு மாற்றாகாது.

கடைசியாக, நீங்கள் அனுப்பிய ஏழு பக்க அறிக்கைகளில் ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் பரிசோதனை இல்லை. வைட்டமின் கே குறைந்த குழந்தைக்கு எந்த முன்னறிவிப்புமின்றி மூளைக்குள் ரத்தம் கசியலாம். பிறந்தபோது வைட்டமின் கே ஊசி போட்டிருந்தாலும் பித்தத் தேக்கம் உள்ள குழந்தைக்கு இது பொருந்தும். பயாப்ஸிக்கு முன் எப்படியும் அதைப் பார்ப்பார்கள் என்றாலும், அதுவரை பொறுக்காமல் இன்றே பார்க்கச் சொல்லி, வைட்டமின் கே ஊசி வேண்டுமா என்று கேளுங்கள். அதற்கிடையில் மூக்கிலோ ஈறிலோ ரத்தம் கசிந்தாலும், அடிபடாமல் தோலில் நீலத் திட்டு தோன்றினாலும், காய்ச்சல் வந்தாலும், பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலும், நேரம் எதுவாக இருந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், ‘இந்தக் குழந்தைக்குப் பித்தத் தேக்கம் இருக்கிறது’ என்பது.